அறுபதாயிரம் வெள்ளிப் பள்ளிக்கு வரிவிலக்கு எதற்கு?

ஈப்போவில் பெரிய உணவகம் ஒன்றில் நம் பிள்ளைக்கு ஒரு தட்டுச் சோறு வாங்கிக் கொடுத்தால், பில்லில் நூற்றுக்கு 6 வெள்ளி சேவை வரி ஏறுகிறது. முணுமுணுத்துக்கொண்டே கொடுக்கிறோம். ஆனால், ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 60,000 வெள்ளிக்கு மேல் கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகளுக்கு, 2025 ஜூன் முடியும்வரை அந்த 6 வெள்ளியும் கிடையாது. கல்வி என்ற பெயர் அவற்றுக்குக் குடை பிடித்தது.

ஜூலை 1ஆம் தேதி அந்தக் குடை மடங்கியது. உடனே, "கல்விக்கு வரியா?" என்று கூக்குரல் எழுந்தது. நம் தோழர் ஒருவரோ, "பணக்காரன் பள்ளிக்கூடத்துப் பேச்சு பால்மரம் வெட்டுகிறவனுக்கு எதற்கு, கிராணியாரே?" என்று என்னைக் கேட்டார்.

கணக்கைப் பாருங்கள், என் தொழிலும் அதுதானே! 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாயிற்று. ஆண்டுக்கு 20,400. ஒரு தொழிலாளி மூன்றாண்டுச் சம்பளத்தை அப்படியே கொண்டுபோய்க் கொட்டினால்தான் அங்கே ஒரு பிள்ளையின் ஓராண்டுக் கட்டணம் தேறும். இதைத் தருமம் என்று எப்படிச் சொல்வது? பிரிட்டனில் இத்தகைய பள்ளிகள் பலவும் தரும ஸ்தாபனம் என்ற பெயரிலேயே நடக்கின்றன. அங்குள்ள தொழிற்கட்சி அரசாங்கம் 2025 ஜனவரி 1 முதல் தனியார் பள்ளிக் கட்டணத்தின்மீது 20 விழுக்காடு வரி போட்டது. நம் நாட்டிலோ வெறும் 6.

இதனால் சீனத் தனியார் உயர்நிலைப் பள்ளிகளும் கோயில் மண்டபத்தில் நடக்கும் பாலர் பள்ளிகளும் நசுங்கிவிடும் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். அவற்றின் கட்டணம் 60,000 வெள்ளிக்குப் பக்கத்திலும் வராது. அந்த வரம்பை இறக்கக் கூடாது. இறக்கினால் எதிர்ப்பவர்களில் நானும் ஒருவன். விகிதத்தை ஏற்றட்டும். 2024 மார்ச் முதல் பல சேவைகளுக்கு 8 விழுக்காடு இருக்கும்போது இதற்கு மட்டும் ஏன் தயக்கம்?

நிற்க. நம் பள்ளிகளின் கதை என்ன? பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்றது 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். பல தோட்டங்களில் ஒரு கொட்டகைதான் பள்ளி. கிராணியோ கங்காணியோதான் வாத்தியார். ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகும், தோட்ட நிலத்தில் நிற்கும் பள்ளிகள் பல இன்னும் பகுதி உதவிப் பள்ளிகளே. ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்தினுடையது. கட்டடத்திற்குப் பணம் என்றால் நிலம் யாருடையது என்ற கேள்வி குறுக்கே நிற்கும். நான் படித்த பள்ளியில் கூரை ஒழுகியபோது, பெற்றோர் விருந்து வைத்து டிக்கெட் விற்றார்கள். என் தாயார் ஐந்து டிக்கெட்டை லயத்தில் வீடு வீடாகக் கொண்டுபோனது எனக்கு நினைவிருக்கிறது. நான்குதான் விற்றது.

ஆகவே, அடுத்த வரவு செலவுத் திட்டத்திற்கு முன் நம் சங்கம் நிதியமைச்சுக்கு அனுப்பும் மனுவில் ஒரு கோரிக்கை சேர வேண்டும். இந்த வரிப்பணம் பொதுக் கஜானாவில் கரைந்துபோகாமல், அதில் ஒரு பங்கு, நிலம் யாருடையது என்று கேட்காமல், பகுதி உதவிப் பள்ளிகளின் கட்டடச் செலவுக்கு ஒதுக்கப்பட வேண்டும். கிளைச் செயலாளர்கள் தங்கள் தோட்டப் பள்ளியின் பழுதுகளை எழுதி அனுப்புங்கள். மனுவோடு அதையும் இணைக்கலாம்.