சேற்றைக் களைய வேண்டிய இடம் எது?

மழைக்காலத்தில் காட்டுப் பாதையிலோ வயல் வெளியிலோ சென்று திரும்பும் லாரியையும் ஜீப்பையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். சக்கரங்களிலும் அடிப்பாகத்திலும் சேறு அப்பிக் கிடக்கும். "ஓட ஓடத் தானே உதிர்ந்துவிடும், மிச்சத்தை வீட்டில் கழுவிக் கொள்ளலாம்" என்பார்கள் பலர். இது சரியல்ல என்பதே என் கருத்து. சேற்றைக் களைய வேண்டிய இடம், அது ஒட்டிக்கொண்ட இடமேதான்.

டயரின் வெளிப்புறச் சேறு தெறித்து விழும் என்பது உண்மையே. ஆனால், ரிம் எனப்படும் இரும்பு வளையத்தின் உட்புறம் படிந்த சேறு என்னவாகும்? சக்கரம் சுழலும்போது சேறு மையத்தை விட்டு விலகி ஓட முயலும். ரிம் அதைத் தடுக்கும். எனவே வேகம் கூடக் கூடச் சேறு ரிம்மோடு இறுக அழுந்துமே தவிர உதிராது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். டயரின் ஆரம் அரை மீட்டர். லாரியின் வேகம் மணிக்கு 72 கி.மீ. சக்கர மையத்திலிருந்து கால் மீட்டர் தூரத்தில், ஒரு பக்கத்தில் மட்டும், 1 கிலோ சேறு ஒட்டியிருக்கிறது. அது சக்கரத்தை இழுக்கும் விசை 400 நியூட்டன். அதாவது, சுமார் 40 கிலோ எடைக்குச் சமம்! சக்கரமோ விநாடிக்கு ஆறு முறைக்கு மேல் சுற்றுகிறது. அத்தனை முறையும் இந்த இழுப்பு திசை மாறுகிறது. வண்டி அதிர்வதிலும் பேரிங் தேய்வதிலும் வியப்பென்ன? வேகத்தைப் பாதியாக்கினால் விசை எவ்வளவு குறையும்? நீங்களே கணக்கிடுங்கள்.

வழியில் உதிரும் சேறும் தீங்கற்றதன்று. அது சாலையை வழுக்கலாக்கும். அதனுள் விதைகளும் நுண்ணுயிர்களும் பயணம் செய்யும். மேற்கு ஆஸ்திரேலியாவில் ஜாரா மரக்காடுகளை ஒரு நோய் அழித்து வருகிறது. மண்ணில் வாழ்ந்து வேரை அழுகச் செய்யும் பைட்டோப்தோரா என்ற நுண்ணுயிரே இதற்குக் காரணம் என்று 1960-களில் கண்டறிந்தார்கள். அதைப் புதிய இடங்களுக்குக் கொண்டு சேர்த்தவற்றுள் வண்டிச் சக்கரங்களில் ஒட்டிய மண்ணும் ஒன்று. ஒரு பிடி மண் ஒரு காட்டுக்கே பகையாகிறது!

அங்கேயே களைவது எளிதுந்தான். ஈரக் களிமண்ணைக் குச்சியால் வழித்துவிடலாம். காய்ந்தபின் அது செங்கல்போல் இறுகிவிடும். பிறகு நீரில் ஊறவிட்டுத்தான் பெயர்க்க வேண்டும். அதுவரை ஈரத்தைத் தேக்கி வைத்து இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். சமதரையில் வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்த பின்னரே கை வைக்க வேண்டும். ஆற்றிலோ ஏரியிலோ வண்டியை இறக்கிக் கழுவக் கூடாது. சேற்றோடு எண்ணெயும் கிரீஸும் நீரில் கலந்துவிடும்.

பத்து நிமிட வேலைதான். உங்கள் வீட்டிலோ ஊரிலோ வண்டி ஓட்டுபவர்களிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள். வயலின் மண் வயலிலேயே இருக்கட்டும். காட்டின் மண் காட்டிலேயே இருக்கட்டும்.