நரம்பு கிடைக்கலைன்னு சொன்னா

போன தை மாசம் அம்மாவுக்கு ரத்தம் எடுக்கச் சேலத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். சர்க்கரை இருக்கு, வயசு எழுபத்தெட்டு. வெறும் வயித்துல வரணும்னு சொல்லியிருந்தாங்க. செம்மநத்தத்துல இருந்து விடிகாலைப் பனியில கிளம்பி, ஏற்காடு வந்து, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிப் போய்ச் சேர்றப்போ அம்மா கை ஜில்லுனு கிடந்துச்சு. ராத்திரியில இருந்து ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்கலை. வெறும் வயிறுன்னா தண்ணியும் கூடாதுன்னு நினைச்சுட்டோம். வெறும் தண்ணி குடிக்கலாமாம். குடிச்சாதான் ரத்தக்குழாய் கொஞ்சம் புடைச்சு நிக்குமாம். குளிர்ல அது சுருங்கிக்கும்ங்கறதும் பிறகுதான் தெரிஞ்சுது.

ரத்தம் எடுத்த பொண்ணுக்கு இருபத்திரண்டு வயசுக்கு மேல இருக்காது. வெளியில நாப்பது பேர் நிக்கிறாங்க. "நரம்பு கிடைக்கலை பாட்டி"ன்னு சொல்லிச் சொல்லி ஒரே கையில மூணு தடவை குத்துச்சு. ரப்பர் பட்டையை அவிழ்க்கவே இல்லை. நாலாவது குத்துல அம்மா, "ஐயோ கண்ணு, நரம்புல பட்டுடுச்சு"ன்னு கத்துச்சு. அந்தப் பொண்ணு, "பட்டுடுச்சா? அப்ப ஆடாம இருங்க பாட்டி"ன்னு ஊசியை இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளுச்சு.

தப்பு அங்கதான் நடந்துச்சு. நம்ம பேச்சுல ரத்தக்குழாயும் நரம்புதான், உணர்ச்சி நரம்பும் நரம்புதான். அம்மா சொன்னது ரெண்டாவதை, அந்தப் பொண்ணு கேட்டது முதலாவதை. முழங்கை மடிப்புல ரத்தக்குழாய்க்குப் பக்கத்துலயே உணர்ச்சி நரம்பும் ஓடுது. ஊசி அதுல பட்டா விரல் நுனி வரைக்கும் கரண்ட் அடிச்ச மாதிரி இருக்கும். அப்ப செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு, பட்டையைத் தளர்த்தி ஊசியை உடனே வெளிய எடுக்கணும். அம்மாவுக்குக் கட்டைவிரலும் பக்கத்து ரெண்டு விரலும் ஆறு வாரம் மரத்துக் கிடந்துச்சு. மிளகு உதிர்க்க உக்காந்தா மணி கையில நிக்கலை. இப்ப சரியாயிடுச்சு.

அந்தப் பொண்ணை நான் குத்தம் சொல்ல மாட்டேன். நானும் பக்கத்துல மரம் மாதிரி நின்னேன். படிச்சவங்க ஊசி போடறப்போ நாம வாயைத் திறக்கலாமான்னு ஒரு பயம். மலையில இருந்து இறங்கி வர்றவங்களுக்கு அந்தப் பயம் கூடவே வரும். டவுன்ல இருக்கற உங்களுக்கு இது சின்ன விஷயமாத் தெரியலாம். அடுத்த தடவை பக்கத்து நாற்காலியில ஒரு கிழவி பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா, நீங்களாவது ஒரு வார்த்தை கேளுங்க.

ரெண்டு தடவை குத்தியும் வரலைன்னா நிறுத்திட்டு வேற ஆளைக் கூப்பிடணும்ங்கறது நல்ல இடங்கள்ல இருக்கற பழக்கம். கையைத் தொங்கவிட்டு, வெந்நீர்ல நனைச்ச துணி சுத்தினா பாதி சிக்கல் தீரும். மெல்லிசான ரத்தக்குழாய்க்குன்னே இறக்கை வச்ச சின்ன ஊசி இருக்கு. எடுத்து முடிச்சதும் கையை மடக்கச் சொல்றாங்களே, அதுவும் தப்பு. ரத்தம் உள்ள கட்டிக்கும், கையை நீட்டி வச்சுப் பஞ்சை அழுத்தணும்னு உலக சுகாதார நிறுவனம் 2010லயே எழுதி வச்சிருக்கு. இத்தனை வருஷமா நான் மடக்கித்தான் வச்சிருக்கேன்!

இனிமே எங்க பக்கத்து ஊர்களுக்கு ஊசி இன்னும் அதிகமாத்தான் வரும். 2021 ஆகஸ்ட்ல மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பிச்சதுல இருந்து வீட்டுக்கே வந்து சர்க்கரை பாக்கறாங்க. 2023 ஜூலையில மத்திய அரசு ஆரம்பிச்ச அரிவாள் செல் சோகைத் திட்டத்துல பழங்குடி ஊர்கள்ல நாப்பது வயசு வரைக்கும் எல்லாருக்கும் ரத்தம் பாக்கணும்னு இருக்கு. நல்ல காரியம்தான், வேண்டாம்னு சொல்லலை. ஆனா ரத்தம் எடுக்கற ஒவ்வொரு இடத்துலயும் ஒரு போர்டு மாட்டணும்: "ரெண்டு தடவைக்கு மேல குத்த மாட்டோம். விரல்ல சுரீர்னு இழுத்தா உடனே சொல்லுங்க, நிறுத்திடுவோம்." எடுக்கறவங்களும் "நரம்புல பட்டுதா"ன்னு கேக்கறதை விட்டுட்டு, "விரல் வரைக்கும் கரண்ட் அடிக்குதா"ன்னு கேக்கட்டும்.

அடுத்த மாசம் அம்மாவுக்கு மறுபடி ரத்தம் எடுக்கணும். இந்தத் தடவை பிளாஸ்க்குல வெந்நீர் எடுத்துட்டுப் போறேன். "அந்தப் பொண்ணு இருக்குமா?"ன்னு அம்மா கேக்குது. பயத்துல கேக்குதுன்னு நினைச்சேன். "பாவம், அன்னைக்கு அது கையும் நடுங்குச்சுடா"ங்குது.