கிளச்சில் காற்று: வெளியேற்றினால் மட்டும் போதுமா?

விளைபொருளை ஏற்றிச் செல்லும் சரக்கு வண்டிகள் பலவற்றிலும், ஜீப்புகளிலும், சிலவகை டிராக்டர்களிலும் கம்பியினாலன்றித் திரவத்தினால் இயங்கும் கிளச்சு அமைந்துள்ளது. மிதியை அழுத்தியதும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து திரவம் குழாய் வழியே தள்ளப்பட்டு, கியர்ப் பெட்டிப் பக்கத்திலுள்ள ஸ்லேவ் சிலிண்டரை இயக்குகின்றது. திரவம் அழுத்தத்தால் சுருங்குவதில்லை, காற்றோ சுருங்கும். ஆகவே குழாயினுள் காற்று புகுந்துவிட்டால் மிதி மெத்தென்று இறங்குமேயன்றிக் கிளச்சு முற்றிலும் விடுபடாது. கியர் மாற்றுங்கால் பற்கள் கரகரவென்று உராயும்.

இந்நிலையில் மிதியை இரண்டு மூன்று முறை மிதித்து, ஒருவாறு கியரை மாற்றி வண்டியை ஓட்டுவது பலருடைய வழக்கம். இவ்வழக்கம் அறவே ஒழிய வேண்டுமென்பது நமது அபிப்பிராயம். பற்கள் தேய்வதால் உண்டாகும் பொருள் நஷ்டம் ஒருபுறமிருக்க, கிளச்சு சரிவர விடுபடாத வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நகரக்கூடும். டிரெயிலரைப் பூட்டுவதற்காகப் பின்னால் நிற்கும் ஆளின் உயிருக்கே அது அபாயமாகும்.

காற்றை எடுப்பதற்கு இருவர் போதும். எஞ்சினை நிறுத்திச் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்தபின், திரவக் கலத்தை நிரப்புக. ஸ்லேவ் சிலிண்டரின் பிளீடர் திருகில் உட்புறம் தெரியும் மெல்லிய குழாயை மாட்டி, அதன் மறுமுனை திரவமுள்ள சீசாவில் மூழ்கியிருக்கச் செய்க. ஒருவர் மிதியை மெல்ல அழுத்திப் பிடிக்க, மற்றவர் திருகைச் சிறிது தளர்த்தி, திரவம் வெளிவந்ததும் இறுக்குக. அதன் பின்னரே மிதியை விடுதல் வேண்டும். குமிழி நிற்கும்வரை இவ்வாறு செய்க. இடையில் கலம் வற்றினால் மறுபடியும் காற்று புகும்.

இதனோடு வேலை முடிந்ததென்று கருதுவது தவறு. காற்று காரணமின்றிப் புகுவதில்லை. சிலிண்டர்களின் ரப்பர் தேய்ந்தோ, குழாய் இணைப்பு தளர்ந்தோ, கலம் வற்றியோ இருக்க வேண்டும். கசிவைக் கண்டு தீர்க்காமல் காற்றை மட்டும் எடுப்பது, ஓட்டைச் சாலில் நீர் இறைப்பதை ஒக்கும்.

திரவத்தை வாங்குவதிலும் தவறான சிக்கனம் கூடாது. கலத்தின் மூடியில் குறித்த வகையையே வாங்குக. டாட் 3, டாட் 4 என்று குறித்துள்ள கலத்தில் எஞ்சின் எண்ணெயை ஊற்றினால் ரப்பர் உப்பிக் கெடும். இவ்வகைத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவதால், நெடுநாள் திறந்து கிடந்த டப்பாவிலுள்ளதையும், வண்டியிலிருந்து எடுத்த பழைய திரவத்தையும் மீண்டும் உபயோகிக்கலாகாது.

அறுவடைக்கு முன்னரே அரிவாளைத் தீட்டிவைக்கும் குடியானவர், கலத்தின் திரவ மட்டத்தையும் அப்பொழுதே பார்த்துவைப்பாராக. கிராம அதிகாரிகளும் வண்டியுடையோர்க்கு இதனை எடுத்துரைப்பார்களாக.