யாரு யாருன்னு தெரியணுமாம்

எண்கணிதம் பார்த்துப் பெயரில் ஒரு எழுத்தைக் கூட்டிக்கொள்ள வருகிறவரை யாரும் சந்தேகமாகப் பார்ப்பதில்லை. நம் பிள்ளைகள் போய் நின்றால்தான் கேள்வி வருகிறது.

நாங்கள் உடன் போன கல்லூரி மாணவி ஒருவருக்கு அதுதான் நடந்தது. அம்மா சொன்ன பெயரை விட்டுவிட்டு, தெருவில் கூப்பிட்ட 'குப்பாயி'யையே பள்ளிப் பதிவேட்டில் எழுதியிருந்தார்கள். விண்ணப்பத்தில் சான்றொப்பம் கேட்டுப் போன இடத்தில் அதிகாரி சிரித்தபடி சொன்னார்: "எல்லாரும் இப்பிடி மாத்திக்கிட்டா அப்புறம் யாரு யாருன்னு எப்பிடிம்மா தெரியும்?"

தெரிந்தே ஆக வேண்டும் என்பதுதான் அவருடைய கவலை. நேர்மையான மனிதர், மனசில் இருந்ததைச் சொல்லிவிட்டார்.

இதே கவலை டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனது. செருப்புத் தைக்கும் சாதியைச் சுட்டும் 'மோச்சி' என்ற பின்னொட்டால் அன்றாடம் அவமானப்பட்ட ஒருவர், அதை 'நாயக்' என்று மாற்றி அரசிதழிலும் வெளியிட்டார். மகன்களின் சான்றிதழ்களில் தந்தை பெயரைத் திருத்த சி.பி.எஸ்.இ. மறுத்தது. பின்னொட்டு மாறினால் சாதி மாறும், அதைத் தவறாகப் பயன்படுத்தலாம் என்பது அதன் வாதம். 2023 மே மாதம் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அடையாள உரிமை, அரசியல் சட்டப் பிரிவு 21 சொல்லும் வாழ்வுரிமையின் பகுதி என்றது.

அந்த வாதம் எவ்வளவு பொய் என்று பாருங்கள். சாதிச் சான்றிதழை வட்டாட்சியர் பெற்றோரின் சாதியைப் பார்த்துத் தருகிறார், பெயரின் ஓசையைக் கேட்டு அல்ல. பெயரை மாற்றுவதால் இடஒதுக்கீடு புதிதாக வருவதுமில்லை, இருப்பது போவதுமில்லை. (போய்விடும் என்று பயந்து பல பெற்றோர் தயங்குகிறார்கள். பயப்பட வேண்டாம் என்று வீட்டில் சொல்லுங்கள்.)

1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டைத் தொடர்ந்து முதலியாரும் நாயக்கரும் பட்டத்தை வெட்டியெறிந்தபோது கைதட்டினோம். இன்றும் தட்டுவோம். ஆனால் உயர்த்திக்காட்டும் வாலை வெட்டினால் முற்போக்கு, தாழ்த்திக்காட்டும் பெயரை உதறினால் மோசடியா?

அரசிதழ் நடைமுறையிலும் ஒரு முள் இருக்கிறது. பழைய பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாவற்றையும் அச்சிட்டு, 'இனி இவ்வாறு அழைக்கப்படுவார்' என்று முடிகிறது அறிவிப்பு. முகவரியில் 'காலனி' என்று இருந்தால் புதுப் பெயருக்குப் பக்கத்திலேயே சேரியும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அரசு ஆவணங்களிலிருந்து அந்தச் சொல் நீக்கப்படும் என்று முதல்வர் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார். சொல் போவது நல்லது. ஆனால் இழிவிலிருந்து விடுபட வருகிறவரின் வீட்டு விலாசத்தை ஊருக்கெல்லாம் ஏன் அச்சடிக்க வேண்டும்? முகவரியை மறைக்கக் கேட்கும் உரிமை வேண்டும்.

அதுவரை, மாற்ற நினைப்பவர்கள் தள்ளிப்போடாதீர்கள். தன் பெயரைத் தீர்மானிப்பது கருத்துரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றமே 2021 ஜூனில் சி.பி.எஸ்.இ. வழக்கில் சொல்லிவிட்டது. பள்ளியோ வாரியமோ மறுத்தால் எழுத்தில் மறுக்கச் சொல்லுங்கள். வாய்வார்த்தையை எடுத்துக்கொண்டு நீதிமன்றம் போக முடியாது. அரசிதழ் நகலைப் பழைய சான்றிதழோடு சேர்த்து எப்போதும் கையில் வையுங்கள்.

அந்த மாணவிக்கு வேறொரு அலுவலகத்தில் சான்றொப்பம் கிடைத்தது, அரசிதழிலும் வந்துவிட்டது. ஆதாரும் வங்கிக் கணக்கும் பாக்கி. திங்கட்கிழமை மறுபடி போகிறோம்.