முடிவும் துணிவும்

'முடிவெடுத்தல்' என்னுஞ் சொல் இன்று அலுவலகச் சுற்றறிக்கைகளிலும் ஆசிரியர் பயிற்சி வகுப்புகளிலும் பெரிதும் வழங்குகின்றது. வழக்கில் வந்துவிட்ட சொல்லை வேண்டாமென்பது நம் கருத்தன்று. அதன் பொருளைச் சற்று ஆராய்தல் நன்றென எண்ணுகின்றோம்.

தமிழில் 'முடிவு' இறுதியையும் குறிக்கும். ஒன்றைச் செய்வதெனத் தேர்தலையும் குறிக்கும். சபை நிறைவேற்றுவது தீர்மானம். நீதிமன்றம் வழங்குவது தீர்ப்பு. வள்ளுவரோ ஆராய்ச்சியின் எல்லையிலே பிறப்பதைத் 'துணிவு' என்றார். துணிந்தபின் காலந்தாழ்த்துவதையும் அவர் குற்றமெனவே கொண்டார்.

இச்சொற்களின் வேறுபாட்டை அகராதியினும் தெளிவாகக் கற்பிட்டிக் கரையிலே காணலாம். 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றுவதெனத் தமிழீழ விடுதலைப் புலிகள் முடிவுசெய்தனர். யாழ்ப்பாண நகரில் ஒக்டோபர் 30ஆம் நாள் மக்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரமே. மன்னாரிலிருந்து பலர் படகேறிக் கற்பிட்டியை அடைந்தனர். ஊரிழந்தோரின் கருத்தை எவரும் கேட்டிலர். முடிவு ஒருவருடையது, அதன் பயனை நுகர்ந்தவர் வேறொருவர். அங்கே அச்சொல் இறுதி என்னும் பொருளையே தந்தது. 2002இல், அது அரசியல் தவறென அவ்வியக்கத்தின் தரப்பிலேயே ஒப்புக்கொள்ளப்பட்டது. இழந்த ஊர் அதனால் மீளவில்லை.

அதே கரையில் இன்னொன்றும் நிகழ்ந்தது. வருவோர் எத்தனை பேர், எத்தனை காலம் தங்குவர் என்பது தெரியாத அவ்வேளையில், கற்பிட்டி, புத்தளம் மக்கள் அவர்களை ஏற்று உணவும் இடமும் அளித்தனர். இதிலே ஆராய்ச்சி எங்கேயெனச் சிலர் வினவலாம். எதிரே நிற்பவர் நிலையை அறிதலே ஆராய்ச்சியின் முதற்படி. முன்னையோர் அதனைச் செய்திலர்; இவர்கள் ஒரு கணத்திற் செய்தனர். இதனைத் துணிவு எனலாம்.

2009இல் போர் ஓய்ந்தபின், திரும்புவதா, தங்குவதா என்னும் கேள்வி எழுந்தது. பெற்றோரின் காணி வடக்கே. பிள்ளைகள் பிறந்து படித்ததோ புத்தளம் மாவட்டத்திலே. இதனைத் துணியவேண்டியவர் அக்குடும்பத்தாரேயன்றி அலுவலகமோ கட்சியோ அன்று. ஆயின், போன இடத்தில் வீடும் இருந்த இடத்தில் உரிமையும் உறுதியில்லாதவனை நோக்கி, "நீயே முடிவெடு" என்பது ஏளனமன்றி வேறென்ன? தேர்வதற்கு இரு வழிகளையும் உண்மையாகத் திறந்துவைத்தலே அரசின் கடன்.

ஆசிரியர்கள் இச்சொல்லைக் கற்பிக்கும்போது இரு கேள்விகளையும் உடன் கற்பிப்பாராக: முடிவு யாருடையது? அதைச் சுமப்பவர் யார்? இவ்விரண்டிற்கும் விடை ஒன்றாகாதவிடத்து, சுமப்பவரைக் கேளாமல் செய்யப்படும் எதுவும் துணிவாகாது.