விளையாட்டா? வேலையா?

மேல்நாட்டுப் பெரிய கம்பெனிக்காரர்கள் ஆள் எடுப்பதிலும், எடுத்த ஆளுக்கு வேலை பழக்குவதிலும், பழகிய ஆளிடம் வேலை வாங்குவதிலும் விளையாட்டைப் புகுத்தி வருகின்றார்கள். இதற்கு இங்கிலீஷில் கேமிஃபிகேஷன் என்று பெயர். புள்ளி, பட்டம், யார் முந்தினார் யார் பிந்தினார் என்கின்ற வரிசை ஆகியவைகளை வேலைக்குள் கொண்டுவந்து சேர்ப்பதுதான் இது. "நல்லதுதானே, சிரித்துக்கொண்டே வேலை செய்யலாமே" என்பார்கள் சிலர். நாமும் சிரிப்புக்கு விரோதிகளல்ல. ஆனால் ஆட்டத்துக்குச் சட்டம் செய்தவன் யார், ஜெயித்ததை எடுத்துக்கொண்டு போகிறவன் யார் என்று கேட்காமல் ஆட உட்காரலாமா என்றுதான் கேட்கின்றோம்.

முதலில் ஆள் எடுக்கும் விஷயத்தைப் பார்ப்போம். யூனிலீவர் கம்பெனியார் 2016 முதல், படிப்பு முடித்து வேலை தேடி வந்தவர்களுக்கு, பைமெட்ரிக்ஸ் என்கின்ற கம்பெனி செய்த 12 சிறு விளையாட்டுகளை வைத்தார்கள். அம்மாதிரி விளையாட்டுகளில் ஒன்று பலூன் ஊதுவது. ஒவ்வொரு தரம் ஊதும்போதும் கொஞ்சம் விளையாட்டுப் பணம் சேரும். பலூன் வெடித்தால் சேர்ந்தது போய்விடும். எத்தனை தரம் ஊதினான், எங்கே நிறுத்தினான் என்பதைக் கொண்டு, இவன் துணிச்சல்காரனா, பயந்தவனா என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடும்.

பத்துப் பொருத்தம் பார்த்துப் பெண் கொடுக்கிறவர்களை நாம் எத்தனையோ தரம் கேலி செய்திருக்கின்றோம். ராசிக் கட்டத்தின் இடத்தில் பலூன் வந்துவிட்டால் மட்டும் கேள்வி கேட்கக் கூடாதா? ஜோசியத்தைப் போல் இதுவும் வெறும் புளுகு என்று நாம் சொல்லவில்லை. மனோதத்துவ ஆராய்ச்சிக்காரர்கள் பலூன் சோதனையை 2002 முதல் கையாண்டு வருகின்றார்கள். ஆனால் பல பேரைச் சேர்த்துச் சராசரி பார்ப்பது வேறு, ஒருவனுடைய பிழைப்பை அதனால் தீர்ப்பது வேறு.

அன்றியும், இவன் பொருத்தமானவன் என்பதற்கு அளவுகோல் எது தெரியுமா? ஏற்கனவே கம்பெனிக்குள் நல்ல பேர் வாங்கியவர்களை அதே விளையாட்டை ஆடச் செய்து, அவர்கள் ஆடிய விதத்தை அச்சாக வைத்துக்கொண்டு, வெளியில் நிற்பவன் அந்த அச்சுக்குள் அடங்குகிறானா என்று பார்ப்பதேயாகும். உள்ளே இருப்பவர்கள் எந்தக் கூட்டத்தார், எப்படி உள்ளே வந்தார்கள்? உத்தியோகங்களில் ஒரே கூட்டத்தார் நிறைந்திருந்த கதையை அறிந்த நம் வாசகர்களுக்கு இதை விரிக்க வேண்டியதில்லை. பாரபட்சம் வராமல் சோதித்துத் திருத்துகின்றோம் என்று அந்தக் கம்பெனியார் சொன்னார்கள். அந்தச் சொல் போதாதென்றே நியூயார்க் நகரத்தார் 2023 ஜூலை 5 முதல் ஒரு சட்டத்தை அமுலுக்குக் கொண்டுவந்தார்கள். ஆள் எடுப்பதில் யந்திரக் கணிப்பை நம்புகிறவர்கள், அதில் ஆண் பெண் என்றும் இனம் என்றும் வித்தியாசம் விழுகின்றதா என்பதை வெளியாள் ஒருவரைக் கொண்டு வருஷா வருஷம் தணிக்கை செய்து வெளியிட வேண்டும். நல்ல ஆரம்பந்தான். ஆனால் தள்ளப்பட்டவனுக்கு இன்ன காரணத்தால் தள்ளினோம் என்று சொல்ல வேண்டிய கட்டாயம் அதிலும் இல்லை.

நிற்க, வேலை பழக்குவதற்கு விளையாட்டு உதவுமானால் நாம் மனப்பூர்வமாய் வரவேற்போம். விமானம் ஓட்டப் பழகுகிறவன் தரையிலுள்ள போலி விமானத்தில் நூறு தரம் விழுந்தாலும் யாருக்கும் காயமில்லை. அங்கே தோற்பதே படிப்பு.

வேலை வாங்குகிற இடத்தில்தான் விஷயம் கெடுகின்றது. கலிபோர்னியாவில் அனஹைம் நகரத்து டிஸ்னிலேண்ட் ஓட்டலின் சலவைச்சாலையில் 2008-ல் திரைகளை மாட்டினார்கள். துணி மடிக்கிற ஒவ்வொருவருடைய வேகமும் அதில் தெரியும். குறித்த வேகத்துக்கு ஈடுகொடுத்தால் பெயர் பச்சை, பின்தங்கினால் சிவப்பு. 2011-ல் பத்திரிகைகளில் இச்செய்தி வந்தபோது, அந்தத் தொழிலாளிகள் இதற்கு இட்டிருந்த பெயர் மின்சாரச் சவுக்கு என்பது வெளியாயிற்று. மூத்திரம் போகக்கூடச் சிலர் தயங்கினார்களாம். இதுவா விளையாட்டு? பல்லாங்குழி ஆடுகிறவள் அலுத்தால் எழுந்து போகலாம், இவள் எழுந்தால் சோறு போகும். அமேசான் கம்பெனியார் 2019 வாக்கில் தங்கள் கிடங்குகள் சிலவற்றில், சாமான் எடுக்க எடுக்கத் திரையில் பறக்கும் நாகமும் ஓடும் காரும் முன்னேறும்படி செய்திருந்தார்கள். இஷ்டமிருந்தால் ஆடலாம் என்றும் சொன்னார்கள். நாகம் முன்னேறினால் கூலி முன்னேறுமா?

இது புதுச் சரக்குமல்ல. மதங்களைத் துணிந்து மறுத்த ராபர்ட் ஓவன், 1800-ல் ஸ்காட்லாந்தில் நியூ லானார்க் பஞ்சாலையை நடத்த வந்தவர், ஒவ்வொரு தொழிலாளியின் பக்கத்திலும் நான்கு பக்கம் நான்கு வர்ணம் பூசிய ஒரு மரக்கட்டையைத் தொங்கவிட்டார். கறுப்பு கெட்டது, நீலம் சுமார், மஞ்சள் நல்லது, வெள்ளை மிக நல்லது. முந்தின நாள் நடத்தை எல்லோர் கண்ணிலும் படும். அவரும் முதலாளிதான், கட்டையால் வந்த லாபம் அவருக்கும் பங்காளிகளுக்குமே போயிற்று, அதை நாம் மறைக்கவில்லை. ஆனாலும் 10 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை அவர் ஆலைக்கு எடுக்கவில்லை. அமெரிக்கப் பஞ்சு வராமல் ஆலை நின்ற 4 மாதமும் முழுச் சம்பளம் கொடுத்தார். மேஸ்திரி அநியாயமாய்க் கட்டையைத் திருப்பிவிட்டான் என்று நினைக்கிற எவரும் தம்மிடமே நேரில் வந்து முறையிடலாம் என்றும் விதி செய்திருந்தார்.

திரையில் சிவப்பாய் எரிகின்ற பெயருக்குரியவர் யாரிடம் போய் முறையிடுவார்?