கேள்விக்கும் ஒரு நோட்டு வேண்டும்

வெறிநாய் கடித்த மாடு செத்துப்போனால், மறுநாள் காலையில் கால்நடை மருந்தக வாசலில் ஒரு தெருவே வந்து நிற்கும். மாட்டுக்காரர் மட்டுமில்லை, அந்தப் பாலில் காபி போட்டவர்கள், பிள்ளைக்குக் காய்ச்சிக் கொடுத்தவர்கள், மோர் வாங்கியவர்கள் என்று எல்லாரும் இருப்பார்கள். "டாக்டரம்மா, பால் குடிச்சிருக்கோம். எங்களுக்கும் வந்துருமா?" கோவில்பட்டி வட்டாரத்துக் கரிசல் ஊர்களில் கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். வேலை பார்த்த ஊரெல்லாம் இந்தக் கேள்வி என்னைத் தேடி வந்திருக்கிறது.

"காய்ச்சின பால்தானே, ஒண்ணும் ஆகாது, போங்க" என்று அனுப்பிவிடலாம். பதில் சரிதான். ரேபிஸ் கிருமி கொதிக்கிற பாலில் பிழைக்காது. ஆனால் அந்தப் பதிலோடு கூட்டம் கலைந்தால், உண்மையிலேயே ஆபத்தில் இருக்கும் ஆளும் அவர்களோடு வீட்டுக்குப் போய்விடுவார். வெறிநோய் கண்ட மாட்டுக்கு விழுங்க முடியாது. எச்சில் ஒழுகிக்கொண்டே இருக்கும். குரல் கம்மிக் கத்தும். பார்க்கிறவருக்குப் பனங்கொட்டை தொண்டையில் சிக்கியது போலவே தெரியும். உடனே வாயைப் பிளந்து, கையை உள்ளே விட்டுத் துழாவுவார். கிருமி இருப்பது அந்த எச்சிலில். விரலில் ஒரு கீறல் இருந்தால் போதும், உள்ளே போய்விடும். அதனால் நான் திருப்பிக் கேட்பேன்: "மாட்டு வாயில கை விட்டது யாரு?" கைவிட்டவர் பெரும்பாலும் பாலைப் பற்றிக் கேட்க வந்தவராக இருக்கமாட்டார். கொட்டையை எடுத்துவிடலாம் என்று துணைக்கு வந்த பக்கத்துத் தோட்டக்காரராக இருப்பார். தடுப்பூசி அவருக்குத்தான் அவசரம்.

அன்றாடக் கேள்விகளுக்குப் பதில் சொல்வதை அரசு ஒரு வேலையாகக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். சிகிச்சை எத்தனை, சினை ஊசி எத்தனை, தடுப்பூசி எத்தனை, குடற்புழு மருந்து எத்தனை என்று நான் எழுதி அனுப்பிய மாத அறிக்கையில் எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. ஒரு தெருவையே உட்காரவைத்து விளக்கிச் சொன்னதற்குக் கட்டம் இல்லை. கட்டம் இல்லாத வேலையை மேலிடம் கேட்காது. மேலிடம் கேட்காத வேலையை, பொறுப்பான ஆள் இருக்கும்வரை செய்வார். அவர் மாறுதலாகிப் போனால் அதுவும் கூடவே போய்விடும்.

பதில் என்பது ஆமாம், இல்லை என்ற ஒற்றைச் சொல்லோடு முடிவதில்லை. "ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கங்க" என்றால் வயதானவர்கள் தொப்புளைத் தடவிக்கொண்டு பின்வாங்குவார்கள். அந்தப் பயத்தைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வந்ததில்லை. டேவிட் செம்பிள் என்ற மருத்துவர் இமாசலத்துக் கசௌலியில் உருவாக்கிய பழைய தடுப்பூசி, ஆட்டு மூளையிலிருந்து தயாரானது. அதைத் தொப்புளைச் சுற்றி நாள் தவறாமல் 14 நாள் வரை போட்டதும், வலித்ததும், சிலருக்கு நரம்புக் கோளாறு வந்ததும் உண்மை. இந்தியாவில் அதன் தயாரிப்பு 2004-இல் நின்றுவிட்டது. இப்போதைய ஊசி கைத்தோலில் போடுவது. முதல் நாள், பிறகு 3, 7, 28-ஆம் நாள் என்று நான்கே தடவை. கடி ஆழமாக இருந்தால் காயத்திலேயே இம்யூனோகுளோபுலின் மருந்தும் போடுவார்கள். இந்தக் கதையை முழுதாகச் சொன்ன பிறகு பேருந்து ஏறாதவரை நான் பார்த்ததில்லை.

காயத்தை 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவு என்று சுவரொட்டிகள் சொல்கின்றன. ஏன் என்று பல சுவரொட்டிகள் சொல்வதில்லை. கிருமியின் மேலுறையில் கொழுப்பு இருக்கிறது. சோப்பு அதைக் கரைத்துக் கிருமியைச் செயலிழக்க வைக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்புப் போட்டுத் தேய்க்கிற எந்த அம்மாவுக்கும் இது விளங்கும். காரணம் விளங்கியவர் சுண்ணாம்பையும் மிளகாய்ப்பொடியையும் காபித்தூளையும் தேடி ஓடமாட்டார். "நாய் பத்து நாள்ல சாகுதானு பாத்துட்டுப் போட்டுக்கலாமா?" என்று கேட்பவருக்கும் காரணத்தோடு சொன்னால்தான் ஏறும். நாயைப் பத்து நாள் கவனிப்பது சரி. அதற்காக முதல் ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. அறிகுறி வந்துவிட்டால் ரேபிஸைக் குணப்படுத்த இன்றுவரை மருந்து இல்லை.

தவறான கேள்வி என்று தள்ளுவதற்குள்ளும் சரியான கேள்வி ஒன்று ஒளிந்திருக்கும். "பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுறாங்களாமே? எம் பொண்ணு சீக்கிரம் வயசுக்கு வந்துட்டா, அதனாலதானா?" என்று தாய்மார்கள் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். ஆறு வாரத்தில் இரண்டு கிலோ வருவதற்குக் காரணம், பல தலைமுறையாகப் பொறுக்கியெடுத்து வளர்த்த இனமும் மக்காச்சோளம், சோயா கலந்த தீவனமும்தான். வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். தீவனத்தில் கலந்தால் கோழியின் வயிற்றிலேயே செரித்துப்போகும். ஊசியாகப் போடுவதென்றால் பல்லடத்துப் பண்ணையில் ஆயிரக்கணக்கான கோழிகளைத் திரும்பத் திரும்பப் பிடித்தாக வேண்டும். எந்தப் பண்ணைக்காரருக்கும் அது கட்டாது.

இதோடு நிறுத்தினால் கோழி வியாபாரிக்குச் சாட்சி சொன்னது போலாகிவிடும். பண்ணைகளில் ஆன்டிபயாட்டிக் மருந்துகளை அளவில்லாமல் கொடுத்தால், மருந்துக்கு அடங்காத கிருமிகள் உருவாகின்றன. மனிதருக்குக் கடைசிக் கட்டத்தில் கொடுக்கிற கொலிஸ்டின் மருந்தை உணவுக்கான பிராணிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று இந்திய அரசு 2019-இல் தடை விதித்தது அதனால்தான். அந்தத் தாய் கறிக்கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஆன்டிபயாட்டிக்கைப் பற்றியது. ஹார்மோன் வதந்தி சுற்றிக்கொண்டிருக்கும் வரை அந்தக் கேள்வியை யாரும் கேட்கப்போவதில்லை.

மேய்ச்சல்காரர்களின் கேள்விகள் வேறு மாதிரி. "முன்னெல்லாம் செத்த மாட்டை ஊருக்கு வெளிய போட்டா பாறு வந்து எறங்கும். இப்ப நாய்தான் வருது. பாறுக எங்க போச்சு தாயி?" என்று கீதாரிக் கிழவர்கள் கேட்பார்கள். அதற்கான விடை 2004-இல் வந்தது. பாகிஸ்தானில் செத்துக் கிடந்த பாறு கழுகுகளை லிண்ட்சே ஓக்ஸும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து, மாட்டுக்கு வலிக்குப் போடும் டைக்ளோஃபெனாக் மருந்துதான் காரணம் என்று கண்டார்கள். மருந்து ஏறிய மாடு செத்து, அதைத் தின்ற பாறுகளின் சிறுநீரகம் கெட்டுப்போகிறது. 2006-இல் இந்தியா அதைக் கால்நடைகளுக்குத் தடை செய்தது. அதற்குள் வெண்முதுகுப் பாறுகளில் நூற்றில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. தமிழ்நாட்டில் இன்று அவற்றைப் பார்க்க வேண்டுமானால் மாயாறு பள்ளத்தாக்குப் பக்கம்தான் போக வேண்டும். பிணம் தின்னப் பாறு இல்லாத இடத்தில் நாய்கள் பெருகின. கிழவர் பாறுகளையும் நாயையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொன்னதில் எத்தனை விஷயம் இருக்கிறது!

இப்படிக் கேள்விகள் ஊர் ஊராக எழுதப்பட்டு ஓரிடத்தில் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஆட்டுக்கு வாயில் புண் என்று பக்கத்துப் பக்கத்து ஊர்களிலிருந்து ஒரே வாரத்தில் கேள்வி வந்தால், ஆய்வக முடிவு வருவதற்கு முன்பே ஆட்டுக்கொல்லி நோய் கிளம்பியிருக்கலாம் என்று மாவட்டத் தலைமைக்குத் தெரிந்துவிடும்.

ஒரே மருத்துவர் இரண்டு மருந்தகங்களைப் பார்க்கிற காலத்தில் இதற்கு ஏது நேரம் என்று என் சகாக்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி; காலியிடங்களை நிரப்பத்தான் வேண்டும். ஆனால் பதில் கிடைக்காமல் போகிறவர் சும்மா இருப்பதில்லை. வாட்ஸ்அப்பில் சுற்றி வருகிற பதில் ராத்திரி பத்து மணிக்கும் கிடைக்கிறது, யாரையும் அதட்டுவதில்லை. அதை நம்பிப் பச்சிலை கட்டிக்கொண்டவர் சீழ் வைத்த காயத்தோடு திரும்பி வரும்போது செலவாகிற நேரம் இன்னும் அதிகம்.

நான் கேட்பது பெரிய திட்டமில்லை. ஒவ்வொரு கால்நடை மருந்தகத்திலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வாரம் ஒரு மணி நேரம், சிகிச்சைக்கு வராதவர்களும் வந்து கேட்கலாம் என்று பலகை வைக்கட்டும். தேதி, ஊர், கேட்ட கேள்வி, சொன்ன பதில் ஆகியவற்றை எழுத ஒரு நோட்டுப் போடட்டும். சினை ஊசிக் கணக்குக்குப் பக்கத்தில் அந்த நோட்டின் கணக்கும் மாவட்ட ஆய்வுக் கூட்டத்துக்கு வரட்டும். மாத அறிக்கையில் ஒரு கட்டத்தைக் கூட்ட நிதி ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை. சுற்றறிக்கை ஒன்று போதும்.